வளைவு அழகுக்கு இல்லீங்க, ஆறு மணி வெயிலுக்கு

டல்லாஸ் பக்கம் வீடு வாங்குற நம்ம மக்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் வருஷம் புல்லு. ரெண்டாம் வருஷம் பார்பிக்யூ அடுப்பு. மூணாம் வருஷம் பின்னாடி பேட்டியோவுக்கு மேல ஒரு மரப்பந்தல். முதல் ரெண்டும் அவங்கவங்க இஷ்டம். மூணாவதுலதான் எனக்குச் சண்டை.

ஏன்னா, நான் பார்த்த பல பந்தல்கள் நிழல் வேண்டிய நேரத்துல நிழல் தர்றதே இல்லை. மத்தியானம் ஒண்ணரை மணிக்குத் தரையெல்லாம் கோடு கோடா அழகா நிழல் விழும். அந்த நேரத்துல எவன் வெளிய உட்காருவான்? வேலை முடிஞ்சு, காபி டம்ளரோட வந்து உட்கார்ற ஆறு மணிக்கு, வெயில் பந்தலுக்கு மேல வர்றதில்லை. அடியால நுழைஞ்சு நேரா மூஞ்சியில அடிக்குது.

என் கட்சி இதுதான்: மேற்குப் பார்த்த பேட்டியோவுக்குப் பந்தல் தட்டையா இருக்கக் கூடாது. வெளி விளிம்பு தாழ்ந்து இறங்கணும். அதை உருப்படியாச் செய்ய வளைஞ்ச கைமரம்தான் சரி. "வளைவா? ஆடம்பரம்!" அப்படின்னு சொல்றவங்க கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

கணக்குப் போட்டுடலாம். பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு டேன் தீட்டாதான். டல்லாஸ் இருப்பது ஏறக்குறைய 33 டிகிரி வட அட்சரேகையில. ஜூன் கடைசியில உச்சி வெயில் 81 டிகிரி உயரம், அதாவது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல. அதே நாள் சாயங்காலம் 6 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்குல, 31 டிகிரி உயரத்துல நிக்கும். 7 மணிக்கு வெறும் 18 டிகிரி. சூரியன் மறைய எட்டரை தாண்டிடும்.

இப்ப 12 அடி ஆழமுள்ள பேட்டியோ, 9 அடி உயரத்துல தட்டைப் பந்தல்னு வச்சுக்குங்க. நாற்காலியில உட்கார்ந்தா முகம் தரையிலிருந்து சுமார் 4 அடி. 6 மணிக்கு விளிம்பிலிருந்து உள்ளே 8 அடிக்கு மேல வரைக்கும் எங்கே உட்கார்ந்தாலும் முகத்துல வெயில். 7 மணிக்கு எல்லா இடத்துலயும் வெயில்தான். ஆயிரக்கணக்குல டாலர் போட்டுக் கட்டினது எதுக்குன்னு நாமே கேட்டுக்க வேண்டியதுதான்.

அதே பந்தலோட மேற்கு விளிம்பை 6 அடி 8 இஞ்சுக்கு இறக்குங்க. வீட்டுக் கதவு உயரம்தான், யாரும் இடிச்சுக்க மாட்டாங்க. 6 மணிக்கு வெயில் நாலரை அடியோட நின்னுடும். 7 மணிக்கும் சுவரோரம் 4 அடி மிஞ்சும், ரெண்டு நாற்காலி போடலாம்.

இது ஒண்ணும் புது ஞானம் இல்லை. நம்மூர்ல இதுக்குப் பேரே தாழ்வாரம். பழைய ஓட்டு வீட்டுத் திண்ணைக்கு ஏறும்போது குனிய வேண்டியிருக்கும், ஞாபகம் இருக்கா? அந்தத் தாழ்ந்த விளிம்பு மழைச் சாரலையும் சாய்ந்த வெயிலையும் தடுக்கத்தான்.

"அப்ப நேரா சாய்ச்சு இறக்கிடலாமே, வளைவு எதுக்கு?" நியாயமான கேள்வி. 9 அடியிலிருந்து நேர்கோட்டுல இறக்கினா, நடுவுல உயரம் 7 அடி 10 இஞ்ச். அங்கே ஒரு மின்விசிறி மாட்டினா இறக்கை ஓர் அடி கீழே வரும், அதாவது 6 அடி 10 இஞ்ச். விசிறி இறக்கை தரையிலிருந்து 7 அடியாவது மேல இருக்கணும். டெக்சாஸ் கோடையில விசிறி இல்லாத பந்தல் அடுப்படிதான். வளைவா இறக்கினா (ஆரம் 32 அடி வரும்) அதே நடு இடத்துல 8 அடி 5 இஞ்ச் கிடைக்கும். விசிறியும் மாட்டலாம், விளிம்பும் தாழும். இந்த 7 இஞ்சுக்காகத்தான் வளைவு. அழகு இலவச இணைப்பு :-)

அடுத்த சண்டை, வளைவை எப்படிச் செய்யறதுன்னு. சிலர் அகலப் பலகை வாங்கி வளைவா அறுத்துடலாம்னு சொல்வாங்க. வேண்டாங்க. இந்த வளைவுக்கு 12 இஞ்சுக்கு மேல அகலம் வேணும். 2×12ன்னு கடையில விக்கிறதை அளந்து பாருங்க, 11¼ இஞ்ச்தான் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், மரத்தோட நார் நேரா ஓடுது, நீங்க வளைவா அறுக்கறீங்க. முனைப் பக்கம் நார் 5க்கு 1 என்ற சரிவுல வெட்டுப்படும். அமெரிக்க வனத்துறையோட மேடிசன் ஆய்வுக்கூடம் போடுற மரக் கையேட்டைப் பார்த்தா, அந்தச் சரிவுல வளைப்பு வலு 55 சதவீதம்தான். தலைக்கு மேல நிக்கிற சாமான் சார் அது.

மரத்தை அறுக்காம வளைக்கணும். கூண்டு வண்டிக்கு மூங்கிலைப் பிளந்து, மெல்லிசாக்கி, வில்லா வளைப்பாங்களே, அதே கதைதான். முக்கால் இஞ்ச் பலகை ஏழை எடுத்து, பசை தடவி அடுக்கி, அச்சுல வச்சு க்ளாம்ப் போட்டு இறுக்கணும். மறுநாள் எடுத்தா 5¼ இஞ்ச் கனத்துல வளைஞ்ச கைமரம். நார் வளைவோடயே ஓடும். ஜெர்மனியில ஓட்டோ ஹெட்ஸர் 1906ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவுல 1934ல விஸ்கான்சின் மாநிலத்து பெஷ்டிகோ ஊர்ப் பள்ளியோட உடற்பயிற்சிக் கூடத்துக்கு இப்படித்தான் வளைவு போட்டாங்க. ஆக, சோதனை எலி நாம இல்லை.

எத்தனை அடுக்குங்கறது முக்கியம். அச்சுலேர்ந்து எடுத்ததும் மரம் கொஞ்சம் நிமிரும். ரெண்டே அடுக்குன்னா ஏறக்குறைய கால்வாசி வளைவு போயிடும். ஏழு அடுக்குன்னா ஐம்பதுல ஒரு பங்குதான். பசையில கஞ்சத்தனம் கூடாது. சாதாரண வெள்ளைப் பசை சூட்டுலயும் ஓயாத பாரத்துலயும் மெதுவா நழுவும். ரெசார்சினால் அல்லது எபாக்ஸிதான் சரி. மருந்தேத்தின பைன் பலகை கடையிலிருந்து ஈரமா வரும், பசை பிடிக்காது. காய்ஞ்ச செடார் வாங்குங்க.

மேல அடிக்கிற ரீப்பர்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 1×4 சட்டத்தை (அளந்தா முக்காலுக்கு மூன்றரை) படுக்க வைக்காம நிமிர்த்தி, வடக்கு தெற்கா, ஒன்றரை இஞ்ச் இடைவெளி விட்டு அடிச்சா, 4 மணியிலிருந்து மேலேயிருந்து நேர் வெயில் சொட்டாது. ஆனா ஒவ்வொரு ரீப்பரும் தூக்குக்குண்டுக்கு நேரா நிக்கணும். வளைவுக்குச் செங்குத்தா நிறுத்தினா, விளிம்புப் பக்கம் எல்லாம் மேற்கே சாய்ஞ்சு சூரியனுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும். கைமரத்துல காடி வெட்டி நேரா உட்கார வைங்க. வேலை அதிகம்தான், ஆனா பாதி நிழல் அதுலதான் இருக்கு.

கடைசியா ஒண்ணு, இதுல விளையாட்டே வேண்டாம். இங்கே பெரும்பாலான வீடுகள்ல வெளியே தெரியுற செங்கல் சும்மா போர்வை. பாரம் தாங்குறது உள்ளே இருக்கிற மரச்சட்டம். அந்தச் செங்கல்ல போல்ட் அடிச்சுப் பந்தலைத் தொங்கவிடாதீங்க. வீட்டுப் பக்கமும் தனிக் கால் ஊன்றி, பந்தலைத் தன் கால்ல நிக்க விடுங்க. புயல் காத்து பந்தலை மேல தூக்கவும் பார்க்கும், அதனால கால்களைக் கான்கிரீட்டோட இரும்புப் பிடியால கட்டணும். நகராட்சி அனுமதியையும் முதல்லயே கேட்டுடுங்க.

நிழல்துணி கட்டினா போதாதான்னு கேட்டா, வாடகை வீட்டுக்கு அதுவே உத்தமம். சொந்த வீட்டுக்கு, ஊர்லேர்ந்து ஆறு மாசம் வந்து தங்குற அப்பா அம்மாவை நினைச்சுப் பாருங்க. கார் ஓட்டத் தெரியாது, பக்கத்துல நடந்து போக ஒரு கடை கிடையாது. திண்ணையில உட்கார்ந்தே சாயங்காலத்தைக் கழிச்சவங்க, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி திரைச்சீலையை இழுத்துவிட்டுட்டு சீரியல் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது 5 மணியிலிருந்து 8 மணி வரைக்கும் வெளிய உட்கார ஓர் இடம். அந்த மூணு மணி நேரத்தைத் தர முடியாத பந்தலை எவ்வளவு நெளிச்சுக் கட்டி என்ன பிரயோஜனம்?

உங்க பேட்டியோ கிழக்கோ வடக்கோ பார்த்திருந்தா இந்தப் பாடு வேண்டாம். தட்டையாவே போட்டுட்டு, மிச்சக் காசுல ஒரு ஓக் கன்னு நட்டு வைங்க.

டிஸ்கி: கோணமும் உயரமும் டல்லாஸுக்குப் போட்டது. பனி விழுற ஊர்க்காரங்க பனியோட எடையையும் சேர்த்துக் கணக்குப் போடணும், அதுக்கு முறையா ஒரு இன்ஜினியரைப் பாருங்க.