எச்சரிக்கை கரையிறங்க வேண்டும்

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது. சுனாமி அலை நாகப்பட்டினத்தை எட்டச் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பசிபிக் நாடுகளுக்குப் பல பத்தாண்டுகளாக இருந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. சொல்ல ஆளில்லாமல் பறிபோன உயிர்கள் அவை.

பிறகு நாடுகள் கைகோத்தன. யுனெஸ்கோ ஒருங்கிணைக்க, இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு எச்சரிக்கை தருகின்றன. இந்தியாவின் ஹைதராபாத் எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது.

ஆனால் 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகரை அலை சில நிமிடங்களிலேயே தாக்கியது. அந்நாட்டின் கண்காணிப்பு மிதவைகள் நிதியில்லாமல் 2012 முதலே முடங்கிக் கிடந்தன. அவை இயங்கியிருந்தாலும் பாலுவுக்குப் பெரிதாக உதவியிருக்காது. கரைக்கு அவ்வளவு அருகில், நில அதிர்வுதான் எச்சரிக்கை. உடனே மேட்டுக்கு ஓட மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி கிராமங்கள் அந்தப் பயிற்சியை முடித்து 2020இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றன. இனி வரும் சர்வதேச நிதியில் பெரும்பங்கு கருவிகளின் பராமரிப்புக்கும், இத்தகைய மீனவ ஊர்களுக்கும் போக வேண்டும்.