இரண்டு மலைக்கு நடுவில் சூரியன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

போன கோடை விடுமுறையில் என் பேத்தியைப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் நடந்த கலைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். களக்காட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ். அன்றைக்குக் களிமண் வேலை. மற்ற பிள்ளைகள் பிள்ளையார், யானை, விளக்கு என்று செய்துகொண்டிருந்தார்கள். இவள் செய்தது வாழைப்பூ. ஒரு மடலை மட்டும் மேலே சுருட்டி வைத்திருந்தாள். "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன். "கீழ விழப்போற மடல் அப்படித்தான் சுருளும் ஆச்சி. நம்ம வீட்டுப் பின்னால நீங்க பாத்ததில்லையா?" என்றாள்.

அறுபது வருசத்துக்கு மேல் ஏத்தன் வாழைக்கு நடுவிலேயே வாழ்ந்தவள் நான். வாழைப்பூவை ஆய்ந்து பொரியல் வைக்கத் தெரியும். மடல் சுருளுவதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் பேத்தி இல்லை. பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து ஆரம்பப் பள்ளியில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. நானே கரும்பலகையில் ஒரு படம் போடுவேன்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு குடிசை. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். தமிழ்நாட்டில் இந்தப் படத்தை வரையாத பிள்ளை உண்டா?

ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சூரியனே இல்லாமல் கொண்டுவந்தாள். மலையும் கூர்மையாக இல்லை. நீளமாக, ஒரு பக்கம் சரிந்து, மேலே மேகம் மூடிக் கிடந்தது. "சூரியன் எங்க?" என்றேன். "டீச்சர், எங்க வீட்டு வாசல்ல நின்னா சூரியன் மலைக்குப் பின்னால விழத்தான் செய்யும். அங்கயிருந்து வராது" என்றாள்.

நான் சிவப்பு மையால் 'முழுமையாக இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

களக்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்கு மலை மேற்கே. சூரியன் நாங்குநேரிப் பக்கம் வயல்வெளியில் உதித்து மலைக்குப் பின்னால் மறையும். அந்தப் பிள்ளை வரைந்ததுதான் சரி. நான் முப்பது வருசம் போட்டது நம் ஊர் மலையே இல்லை. யாரோ, எப்போதோ, எந்த ஊரிலோ போட்ட படத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இதை ஏதோ ஓவிய விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை. நம் ஊர் மலை சாதாரண மலை இல்லை. சிங்கவால் குரங்குக்காக 1976இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 1988இல் முண்டந்துறையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. இவ்வளவும் வாசலில் இருக்க, என் வகுப்புப் பிள்ளைகள் சுவரில் தொங்கிய சார்ட்டைப் பார்த்து ஒட்டகச்சிவிங்கி வரைந்தார்கள். சிங்கவால் குரங்கை வரைந்த ஒரு பிள்ளைகூட எனக்கு நினைவில் இல்லை. கண்ணால் பார்க்கப் பழகாத பிள்ளை, நாளைக்கு அந்தக் காட்டில் ஒன்று குறைந்தால் எப்படிக் கண்டுபிடிக்கும்?

நம் ஆற்றங்கரை முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒரு பெண், மான், பறவை, முதலை எல்லாம் புடைப்பாகச் செய்யப்பட்டிருந்தன. அந்தக் குயவருக்கு யாரும் சார்ட் தொங்கவிடவில்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர், அங்கே கண்டதைச் செய்திருக்கிறார்.

திருப்புடைமருதூர் போயிருக்கிறீர்களா? கோயில் கோபுரத்தின் உள்ளே ஐந்து நிலையிலும் நாயக்கர் காலத்து ஓவியமும் மரச் சிற்பமும். வெளியே ஆற்றங்கரை மருத மரங்களில் நாரையும் கொக்கும். அந்தப் பறவைகளுக்காகவே 2005இல் அந்த இடம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஓவியமும் பறவையும் ஒரே இடத்தில். இதைவிட நல்ல வகுப்பறை எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற வெள்ளைக்கார மருத்துவர் குற்றாலம் உட்படத் தென்னாடு முழுக்கச் செடிகள் சேகரித்துப் பெரிய புத்தகங்கள் போட்டார். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். செடியை எதிரே வைத்துக்கொண்டு இலை, நரம்பு, மகரந்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்து பெயரை வைட் சூட்டினார். பார்த்து வரைவதும் தாவரவியலும் ஒன்றாக இருந்த காலம் அது. "படம் வரைஞ்சா மார்க் வருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு வேப்பிலையைப் பார்த்து ஒழுங்காக வரைந்த பிள்ளைக்கு அதன் ஓரம் ரம்பம்போல் இருப்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, பள்ளிக்கூடம் இருக்கும்போது அருங்காட்சியகம் எதற்கு? பள்ளியில் மணி அடிக்கும், பாடம் முடிக்க வேண்டும், மார்க் போட வேண்டும். என்னை மாதிரி ஒரு டீச்சர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள். அருங்காட்சியகத்தில் இதெல்லாம் கிடையாது. பொருள் எதிரே இருக்கும், அதைப் பார்க்கத்தான் வருகிறோம். தப்பாக வரைந்தால் யாரும் அடிக்கப்போவதில்லை. அதோடு, டிகிரி இல்லாத கைவினைக்காரரை அங்கே ஆசிரியராக உட்கார வைக்க முடியும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு நாற்காலி கிடைப்பது கஷ்டம்.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் பெரிதாக எழுந்திருக்கிறது. இரண்டும் நமக்குப் பெருமை. ஆனால் ஒன்றரை மணி நேரம் பஸ் ஏறி வர, பேத்திக்குத் துணையாக ஓய்வுபெற்ற ஆச்சி இருந்தாள். வாழைத்தார் சுமக்கும் தகப்பனும் வயல் வேலைக்குப் போகும் தாயும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவார்களா? ஆகவே களக்காடு மாதிரி ஊர்களில் சிறிய காட்சியகம் வேண்டும். ஒரு அறை போதும். நம் ஊர்ப் பழைய மரக்கால், உழக்கு, ஏற்றச்சால், பனை ஓலைப் பெட்டி என்று வீட்டுப் பரணில் கிடப்பவற்றை வைக்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பயிற்சி.

பயிற்சி என்றதும் ஒரு பயமும் இருக்கிறது. 'இயற்கையைக் காப்போம்' என்று தலைப்பு வைத்து, தெர்மாகோலில் மரம் வெட்டி, பிளாஸ்டிக் இலை ஒட்டி, போனைப் பார்த்து இரண்டு கை நடுவில் பூமி உருண்டை வரைந்து, சர்டிபிகேட் வாங்கி, குரூப் போட்டோ எடுத்துக் கலைவதை நிறையப் பார்த்துவிட்டேன். நானே அப்படி நடத்தியும் இருக்கிறேன். அது கரும்பலகைச் சூரியனின் புது வடிவம்தான்.

என் யோசனை இது. முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். காட்டுக்குள் போய் எதையும் பறிக்கக்கூடாது. தோட்டத்திலும் பச்சையாற்றங்கரையிலும் உதிர்ந்து கிடப்பதே ஏராளம். பரிசு, முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. சொல்லித்தர வெளியூர் நிபுணர் தேடி அலைய வேண்டாம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்றங்கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து நெய்கிற கைகள். காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்கள், அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்துச் சொப்புச் சாமான் செய்கிறவர்கள் எல்லோரும் பக்கத்தில்தான். கூப்பிட்டால் வருவார்கள். சால்வை போர்த்தி அனுப்பக்கூடாது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்குச் சம்பளமும் பஸ் செலவும் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளே அந்தத் தொழிலுக்கு வர யோசிப்பதற்கு, நாம் கொடுக்கும் மரியாதையெல்லாம் மேடையோடு நின்றுபோவதும் ஒரு காரணம்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்யணும் டீச்சர்" என்பீர்கள். செய்யட்டும், நல்லது. மனுவும் கொடுப்போம். அதுவரை காத்திருந்தால் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்யாணம் முடித்துப் போய்விடும். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை என் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறேன். திண்ணையில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்காரலாம். பூட்டிக் கிடக்கும் அறை வைத்திருப்பவர்கள், பரணில் பழைய சாமான் வைத்திருப்பவர்கள், மாதம் ஒரு கைவினைக்காரரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

சூரியன் இல்லாத மலையை வரைந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாளோ. இதை வாசித்தால், தாயே, உன் படம் முழுமையாகத்தான் இருந்தது. டீச்சர்தான் மேற்கே திரும்பிப் பார்க்கவில்லை. உனக்குப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சனிக்கிழமை அனுப்பிவை.