மீட்டர் போர்டு விளக்கு யாருக்குப் புரிகிறது?

காரின் மீட்டர் போர்டில் விளக்கு எரிவது புதிய சங்கதி அல்ல. அம்பாசிடர், பத்மினி காலத்திலும் எரிந்தது. ஆயிலுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய விளக்குகள்தாம் அப்போது இருந்தன. எது எரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது டிரைவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய காரில் சாவியைத் திருப்பியதும் பத்துப் பதினைந்து விளக்குகள் திருவிழாப் பந்தல் போல மின்னி அணைகின்றன. அவற்றில் எது மறுபடி எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும், எது எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை போகலாம் என்று கேட்டால், பல வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்களும் பதில் சொல்லத் திணறுகிறார்கள்.

பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் ஏராளம். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை என்று பல பக்கங்களிலிருந்தும் வந்து, கடன் வாங்கி வண்டி போட்டவர்கள் அவர்களில் பலர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படி போயிற்று. தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகவே மஞ்சள் விளக்கு எரிந்தாலும், "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று ஓட்டுகிறார்கள். இது அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதே உண்மை.

சிவப்பும் மஞ்சளும்

ரயில் பாதையில் சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். ஒற்றை மஞ்சள் எரிந்தால், "வா, ஆனால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா" என்று அர்த்தம். கார் விளக்குகளுக்கும் ஏறக்குறைய அதே நியாயம்தான்.

எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், என்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். ஓரம் கட்டி என்ஜினை அப்போதே அணைக்க வேண்டும். "பெட்ரோல் பங்க் பக்கத்தில்தானே இருக்கிறது" என்று இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போய்விடலாம். சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கும் அப்படியே. நிறுத்தி ஆறவிட வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. பேட்டரி விளக்கு ஓடும்போது எரிந்தால், பேட்டரி கெட்டது என்பதைவிட ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஆக, பேட்டரி விளக்கைப் பின்தொடர்ந்து சூடும் ஏறும்.

மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், வேகத்தைக் குறைத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால் விஷயம் வேறு. பெட்ரோல் வண்டியில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கன்வெர்டருக்குள் போய் அதை எரித்துவிடும். காலை எடுத்து, பத்திரமான இடத்தில் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

திடீரென்று இழுக்காத வண்டி

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மேம்பாலத்தை எண்ணிப் பாருங்கள். 2010-ல் திறந்த, ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் நீளப் பாலம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓசூர் நோக்கி ஒரு டீசல் கார் போகிறது. திடீரென்று மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. டிரைவருக்குக் கை கால் உதறுகிறது.

பதற்றப்பட வேண்டியதில்லை. இதை மெக்கானிக்குகள் லிம்ப் மோட் என்பார்கள். நொண்டி ஓட்டம் என்று சொல்லலாம். ஏதோ ஓர் அளவு தப்பாக இருப்பதைக் கண்ட கம்ப்யூட்டர், என்ஜினைக் காப்பாற்ற வேண்டி அதன் பலத்தைத் தானே குறைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது இதுதான்: நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, மெள்ள இடப்பக்கம் வந்து, பாலத்தை விட்டு இறங்கிப் பத்திரமான இடத்தில் நிறுத்த வேண்டும். அணைத்துச் சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் சில சமயம் பழையபடி இழுக்கும். அதனால் நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

விளக்கே எரியாமல் இழுவை போவதும் உண்டு. என்ஜின் உறுமுகிறது, ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கினால் டீசல் பில்டரையும் ஏர் பில்டரையும் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் ஊரின் நெரிசல். 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. டி.பி.எப். என்பார்கள். சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சில்க் போர்டு ஜங்ஷனில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? வடிகட்டியின் விளக்கு எரிந்ததும், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிஷம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் அடைப்பு முற்றி, வண்டி நொண்டி, கடைசியில் வடிகட்டியையே மாற்றும் செலவு வந்து சேரும்.

நம்பர் தீர்ப்பு ஆகாது

2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்கின் கீழே பதினாறு ஊசித் துளைகள் கொண்ட ஒரு வாய் இருக்கிறது. அதில் ஸ்கேனரை மாட்டினால் ஒரு நம்பர் வரும். பி 0299 என்று வந்தால், டர்போவின் காற்றழுத்தம் குறைவு என்று பொருள். டர்போ கெட்டது என்று அதில் எங்கும் எழுதவில்லை! ஒரு ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளிப் கழன்றிருக்கலாம், வாக்குவம் குழாய் விரிசல் விட்டிருக்கலாம், சென்சார் பொய் சொல்லலாம். ஹோஸின் விலைக்கும் டர்போவின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இருந்தும் நம்பரைப் பார்த்ததும் பெரிய சாமானை மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. கடன்காரனான டிரைவர் தலையாட்டுவதைத் தவிர வேறு என்ன செய்வார்?

இதைவிட மோசமான வழக்கம், காரணத்தைத் தேடாமல் ஸ்கேனரால் நம்பரை அழித்து, விளக்கை அணைத்து அனுப்பிவிடுவது. கோளாறு வந்தபோது என்ன வேகம், என்ன சூடு என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்பும் அதோடு அழிந்துவிடுகிறது. நோயாளியின் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "குணமாகிவிட்டது, போய் வா" என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

"ஸ்கேனர் என்ன கண்டது, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவோம்" என்று சொல்லும் பழைய மெக்கானிக்குகளும் உண்டு. அவர்களை ஏளனம் செய்வதற்கில்லை. நம்பர் திசையை மட்டுமே காட்டும். இடத்தைக் கண்டுபிடிக்க அந்த அனுபவக் காதும் கையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம் பலிக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எந்தச் சாமானையும் மாற்றுமுன் ஸ்கேனரில் வந்த நம்பரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். மாற்றிய பழைய சாமானையும் வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கேட்பது அவருடைய உரிமை, கேட்கக் கூச்சப்படலாகாது.

இரண்டாவதாக, கார் கம்பெனிகள் தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், விளக்குகளின் படத்தையும் அவற்றின் பொருளையும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே அட்டையில் அச்சிட்டுத் தரலாம். முக்கியமான படங்கள் எல்லாக் கார்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓர் அட்டைக்கு ஆகும் செலவு, ஒரு போல்ட் செலவுகூட இராது.

மூன்றாவதாக, எல்.எல்.ஆர். எடுக்கச் சாலைச் சின்னங்களைப் படிக்கச் சொல்கிறார்கள். கண்ணெதிரே எரியும் விளக்குகளையும் அதே சிரத்தையோடு டிரைவிங் ஸ்கூல்கள் சொல்லித் தர வேண்டும்.

நான்காவது வேண்டுகோள் நம்மவர்களுக்கு. அல்சூரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. டாக்சி டிரைவர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு காரை நடுவில் நிறுத்தி மூன்று மணி நேரம் வகுப்பு நடத்தினால் போதும். தமிழருக்கு மட்டும் என்றில்லாமல் கன்னட, தெலுங்கு டிரைவர்களையும் அழைத்தால் நட்பும் வளரும்.

வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் டிரைவரை நம்பி உயிரை ஒப்படைக்கிறார்கள். அந்த டிரைவரோ மீட்டர் போர்டை நம்புகிறார். அது பேசும் பாஷையை அவருக்குச் சொல்லித் தராமல், விபத்து நடந்த பிறகு "விளக்கு எரிந்ததே, பார்க்கவில்லையா?" என்று கேட்பதில் நியாயம் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் இதைக் கவனிப்பார்களாக.