புகை போகட்டும், பிழைப்பு போகக்கூடாது!

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு நடக்கும் தொழிலாளிக்கு டீசல் புகையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ஏற்றி இறக்கும் தோழர்கள், எஞ்சினை அணைக்காத வண்டியின் பின்னாலேயே நாள் முழுவதும் நிற்கிறார்கள். சட்டையிலும் கரி, தொண்டையிலும் கரி. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012 ஜூன் மாதத்திலேயே திட்டவட்டமாகக் கூறிவிட்டது. ஆகவே பழைய டீசல் வண்டிகள் ஒழிந்து மின்சார வண்டிகள் வருவதை நாம் வரவேற்கிறோம். எஞ்சினும் பாட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிகள் வந்தாலும் நல்லதே. நின்று நின்று போகிற சரக்கு வண்டிக்கு இவை பொருத்தமானவை. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியில் ஒரு பகுதி பாட்டரிக்கே திரும்பிவிடுகிறது.

ஆனால் மாற்றுகிற செலவு யார் தலையில்? இதுதான் நம் கேள்வி.

மத்திய சர்க்கார் 2024ல் "பி.எம். இ-டிரைவ்" என்று 10,900 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2025 ஜூலையில் மின்சார லாரிகளுக்கான மானிய விதிகள் வெளிவந்தன. பழைய டீசல் லாரியை உடைக்கக் கொடுத்ததற்குச் சான்று காட்டினால், புது மின்சார லாரி ஒன்றுக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரை மானியம். நல்ல தொகைதான். யாருக்கு? சரக்கோடு சேர்த்து மூன்றரை டன்னுக்கு மேல் 55 டன் வரை எடையுள்ள லாரிகளுக்கு! மூன்று சக்கர வண்டிக்கும் ஏதோ கொஞ்சம் ஒதுக்கினார்கள். நாம் "குட்டியானை" என்று அழைக்கிறோமே, அந்த நான்கு சக்கரச் சிறு வண்டிக்கு அதில் இடமே இல்லை. பெரிய யானைக்குக் கரும்பு, குட்டியானைக்குப் பட்டினி.

குட்டியானை ஓட்டுகிறவர் யார்? ஆலை கதவடைத்ததால் வேலை போனவர். குத்தகை நிலம் கைவிட்டுப் போன விவசாயியின் மகன். பைனான்சில் கடன் வாங்கி, மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து வண்டி எடுத்தவர். தொழிற்பேட்டையின் இரும்புச் சாமானும், கிராமத்து நெல் மூட்டையும், கோயம்பேட்டுக்குப் போகிற காய்கறியும் அவர் வண்டியில்தான் போகின்றன. அவருக்கு மானியம் இல்லை. ஆனால் 2025 நவம்பரில் பழைய வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தி விதி மட்டும் போட்டார்கள். வசதி உள்ளவனுக்கு உதவி, இல்லாதவனுக்கு அபராதம். இது என்ன நியாயம்?

பஸ் விஷயத்திலும் இதே கதைதான், வேஷம் மட்டும் வேறு. 2025 ஜூன் 30ந் தேதி வியாசர்பாடி பணிமனையில் 120 தாழ்தள மின்சார பஸ்களை முதலமைச்சர் துவக்கி வைத்தார். புகையில்லை, இரைச்சலில்லை, கிழவர்களும் சிரமமின்றி ஏறலாம். சந்தோஷம்! ஆனால் வண்டி தனியார் கம்பெனிக்குச் சொந்தம். டிரைவரும் கம்பெனி ஆள். கண்டக்டர் மட்டுமே மாநகர் போக்குவரத்துக் கழக ஊழியர். ஜனங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். டீசல் எஞ்சினோடு நிரந்தர வேலையையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

சென்னைக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1895லேயே இந்நகரில் டிராம் ஓடியது. அதுவும் தனியார் கம்பெனிதான். நஷ்டம் என்று சொல்லி 1953 ஏப்ரலில் டிராமை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். இன்று கிலோமீட்டர் கணக்கில் காசு வாங்கும் கம்பெனி நாளை அப்படிச் செய்தால் டிரைவருக்கு யார் பொறுப்பு?

இன்னொன்றையும் மறக்கலாகாது. பாட்டரியில் ஏறும் மின்சாரத்தில் ஒரு பங்கு நம் மாவட்டத்து அத்திப்பட்டில் நிலக்கரி எரித்து வருவது. அதன் சாம்பல் எண்ணூர் மீனவர் தலையில் விழுகிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. மின்சார பஸ்கள் போக்குவரத்துக் கழகத்துக்கே சொந்தமாக வாங்கப்பட வேண்டும். டிரைவர்கள் நிரந்தர ஊழியராக வேண்டும். டீசல் எஞ்சின் பழுது பார்த்து வந்த பணிமனைத் தோழர்களுக்குச் சம்பளத்தோடு புதுத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவருக்கு, பழைய வண்டியைக் கொடுத்தால் மானியமும், பொதுத்துறை வங்கியில் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். சரக்குக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ள சிட்கோ வளாகத்தில் வசதி செய்ய வேண்டும்.

காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள சங்கக் கிளைகள் தத்தம் ஆலைக்கு வந்து போகும் சிறு வண்டிகளைக் கணக்கெடுக்கட்டும்: வண்டிக்கு வயது எத்தனை, கடன் பாக்கி எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர். இந்தக் கணக்கோடுதான் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போக வேண்டும்.