டெல்லியில் கண்ட நொய்யல்

டெல்லிக்குப் போய்வந்தவர்கள் செங்கோட்டையைப் பற்றிச் சொல்வார்கள், நாடாளுமன்றத்தைப் பற்றிச் சொல்வார்கள். மெட்ரோ ரயிலைப் புகழாதவர் கிடையாது. யமுனையைப் பார்த்தேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் ஆற்றைத்தான் தேடும். தீபாவளி முடிந்த வாரம், டெல்லியில் வேலையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன்.

"யமுனைக்குக் கூட்டிட்டுப் போ சாமி" என்றதும், "அங்க பாக்கறதுக்கு என்னங்கப்பா இருக்குது?" என்றாள். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஷாஜகான் 1648இல் செங்கோட்டையைக் கட்டி முடித்தபோது அதன் கிழக்கு மதிலை ஒட்டி யமுனை ஓடியது. அரண்மனை மண்டபங்கள் ஆற்றைப் பார்த்தபடியே நிற்கின்றன. இன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தெரிவது ரிங் ரோடு. 'யமுனா பேங்க்' என்று ஒரு மெட்ரோ நிலையமே இருக்கிறது. அதற்கு முன் ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறது. நெரிசலான அந்தப் பெட்டியில் ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

காளிந்தி குஞ்ச்சில் இறங்கி நடந்தோம். ஓக்லா தடுப்பணைக்குக் கீழே ஆறு முழுக்க வெள்ளை நுரை. வட இந்தியப் பெண்கள் சட் பூஜைக்காக இடுப்பளவு தண்ணீரில் நின்று, நுரையைக் கையால் விலக்கி விலக்கிச் சூரியனைக் கும்பிட்டார்கள். மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நாற்றம் புதிதல்ல.

யமுனையின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் டெல்லிக்குள் வஜிராபாத்திலிருந்து ஓக்லா வரை ஓடுவது வெறும் 22 கிலோமீட்டர். ஆற்றில் சேரும் அழுக்கில் முக்கால் பங்கு அந்த 22 கிலோமீட்டரில்தான் விழுகிறது. வஜிராபாத்தில் நல்ல தண்ணீரைக் குடிக்க எடுத்துக்கொள்கிறார்கள். கோடையில் அதற்குக் கீழே ஆறு என்று ஓடுவது நஜப்கர் வாய்க்கால் கொண்டுவந்து கொட்டும் சாக்கடைதான். வீட்டுச் சோப்புத்தூள் கலந்த அந்தத் தண்ணீர் அணையிலிருந்து விழுந்து அடிபடும்போது நுரைக்கிறது. யமுனையைச் சுத்தம் செய்யும் திட்டம் 1993இல் தொடங்கியது. மறு வருடமே உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. முப்பது ஆண்டு கடந்தும் நுரை அடங்கவில்லை. பணமும் அதிகாரமும் குவிந்து கிடக்கிற ஊரிலேயே இந்த நிலை.

என் கணிப்பில் காரணம் குழாயில் இருக்கிறது. டெல்லிக்குக் கங்கைத் தண்ணீர் வருகிறது, பக்ராவிலிருந்து வருகிறது. ஊருக்குள் ஓடும் ஆறு செத்தாலும் வீட்டுக் குழாய் நிற்பதில்லை. நொய்யல் ஓடும் கோவையும் அப்படித்தான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவாணி வருகிறது, பில்லூரிலிருந்து பவானித் தண்ணீர் வருகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து பேரூர்ப் படித்துறையைத் தொட்டு வரும் நொய்யல், கோவைக்காரர் குடிக்கும் தண்ணீர் அல்ல. அதனால்தான் அதில் சாக்கடை கலந்தால் யாருக்கும் பதைப்பதில்லை.

எங்களுக்குப் பதைத்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே போராடிய கொடுமை வேறெங்கு நடந்திருக்கும்? தென்னை குருத்தோடு காய்ந்தது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் இறங்கிவந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து பட்ட பாட்டையும் மறைக்க மாட்டேன். ஆனால் சாயத்துக்கு முதலாளி உண்டு. அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம், பட்டறைக்குப் பூட்டுப் போடலாம். வீட்டுச் சாக்கடைக்கு யாரை இழுப்பது? டெல்லி தோற்ற இடம் அதுதான். கோவை போய்க்கொண்டிருப்பதும் அந்த இடத்துக்கே.

உக்கடம் பெரியகுளத்துக் கரையிலும் வாலாங்குளத்துக் கரையிலும் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நடைபாதையும் விளக்கும் வந்திருக்கின்றன. சாயங்காலம் குழந்தைகளோடு அங்கே போகிறார்கள், அது நல்லதுதான். பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத வீதிகளின் கழிவு எந்த ஓடை வழியாக நொய்யலுக்குள் இறங்குகிறது என்பதை வார்டு வார்டாக மாநகராட்சி வெளியிட வேண்டும். அந்தக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிய பிறகு கரைக்கு அழகு செய்யட்டும். கோவையில் வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் கவுன்சிலரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்: எங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது? சூலூர் தாண்டி, திருப்பூர் தாண்டி, அது வந்து சேரும் இடத்தில் இன்னமும் நாங்கள் வெள்ளாமை செய்துகொண்டிருக்கிறோம்.