வேப்பமர நிழலில் இரு நாற்காலிகள்

சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் அரியலூரின் அடையாளங்கள். இங்கு வாசலில் அமரும் பலகையும் பெரும்பாலும் சிமெண்டே. உறுதியானதுதான், ஆயினும் பகல் வெயிலை உள்வாங்கி மாலையிலும் சுடும். நீரிழிவால் உணர்விழந்த பாதங்கள் அச்சூட்டை அறியாமலே புண்ணாகக்கூடும்.

கயிற்றுக் கட்டில் குளுமையானது. நடுவில் தொய்வதால் எழுவது கடினம். தாழ்ந்த திண்ணை மூட்டு அறுவை செய்துகொண்டவர்க்கு ஏற்றதன்று. இலகுவான பிளாஸ்டிக் நாற்காலி, ஊன்றி எழும்போது சரியலாம்.

ஆகவே கைப்பிடிகளும் நேரான சாய்வும் உடைய கனமான மரநாற்காலியே சிறந்தது என்போம். இருக்கை ஏறத்தாழ 45 செ.மீ. உயரம் இருக்கலாம், அமர்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதியவேண்டும், முழங்கால் இடுப்பைவிட உயரலாகாது. சமதரையில், நிழலில் இடுக.

இது ஆடம்பரமன்று. பித்தப்பை அறுவைக்குப்பின் சன்னல்வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர் என ராஜர் உல்ரிச் 1984இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். நம் வாசல் வேம்பு அவ்வாய்ப்பை நாள்தோறும் தருகிறது. வீடு திரும்பியவரை அறைக்குள்ளேயே கிடத்திவிட வேண்டாம்.

இன்னொரு நாற்காலியும் அருகே இருக்கட்டும். பேணுவோரும் சற்று அமரவேண்டுமன்றோ?