சனிக்கிழமைதோறும் சடுகுடு வேண்டும்!

நெல் அறுத்த வயலில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் போதும். பாகூர்ப் பக்கத்தில் அன்று இரவு யாரும் தூங்கமாட்டார்கள். தாத்தா வருவார். பேரன் வருவான். இடுப்பில் பிள்ளையோடு தாய்மார்களும் வந்து நிற்பார்கள். "பிடி, பிடி!" என்ற கூச்சல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

அது ஊர்ச் சடுகுடு. கல்லூரிச் சடுகுடுவுக்கு மட்டும் ஏன் இந்தக் கூட்டம் இல்லை?

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். வில்லியனூர்ப் பக்கம். தகப்பனார் கரும்பு வெட்டுகிறவர். மூன்று ஆண்டு படித்தான். மூன்று ஆண்டும் கல்லூரி அணியில் இருந்தான். பாடி வருகிறவன் காலைப் பிடிப்பதில் சூரன். ஆனால் கல்லூரிக்காக அவன் ஆடியது மொத்தம் நான்கே பந்தயம்! முதல் ஆண்டு ஒன்று. அடுத்த ஆண்டு இரண்டு. கடைசி ஆண்டு ஒன்று. அவற்றில் ஒன்றைக்கூட அவன் தாயார் பார்க்கவில்லை. பந்தயம் நடந்தது வேறு ஊரில். அதுவும் வேலை நாளில்.

பையன் மீது குற்றம் இல்லை. கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. தோற்ற அணி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பந்தயம் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்துக்காக ஆண்டு முழுவதும் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான். அன்றைக்கு வயிற்று வலி வந்தால் அவ்வளவுதான்!

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள்.

அவர்கள் ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து. ஆனால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்! பெயர் வைத்தவரைத்தான் கேட்கவேண்டும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் கட்சிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். சடுகுடு ஆடியவனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1869-ல் ரட்ஜர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதியதுதான் முதல் பந்தயம் என்கிறார்கள். 1905-ல் ஆட்டத்தில் அடிபட்டு மாணவர்கள் இறந்தார்கள். நாடே கொதித்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை அழைத்துப் பேசினார். 1906-ல் விதிகளைத் திருத்தினார்கள். ஆட்டத்தை ஒழித்துவிடவில்லை.

இப்போது செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெரிய கல்லூரிகள் 12 பந்தயங்கள் ஆடுகின்றன. பெரும்பாலும் சனிக்கிழமை. ஏறக்குறைய பாதி, சொந்த ஊரில். இந்த வாரம் தோற்றவன் அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்குகிறான். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து 7 ஆயிரம் பேர் உட்காரலாம். மகன் ஆடுவதைப் பார்க்கத் தாயும் தகப்பனும் வருகிறார்கள்.

அவர்களுடைய பணக்கார ஆடம்பரம் நமக்கு வேண்டாம். பயிற்சியாளருக்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அந்தக் காலண்டரை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

தை, மாசியில்

மதகடிப்பட்டுப் பக்கம் பெருந்தலைவர் காமராஜர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வில்லியனூரில் கஸ்தூரிபா பெண்கள் கல்லூரி இருக்கிறது. இன்னும் பல கல்லூரிகள் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பொங்கல் முடிந்ததும் தை, மாசியில் எட்டு சனிக்கிழமை. ஒரு வாரம் இந்த ஊரில், அடுத்த வாரம் அந்த ஊரில். மாலையில் ஆட்டம். பெண்களுக்கும் அதே மாதிரி.

பெண்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி நடந்தது. கபடியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த அணியில் ஆடியவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா.

ஆண்கள் கதை என்ன? 1990-ல் பெய்ஜிங்கில் தொடங்கி 2014 வரை ஆசியப் போட்டியில் தங்கம் நம்முடையது. 2018-ல் ஜகார்த்தாவில் ஈரான் நம்மை அரை இறுதியிலேயே மடக்கியது. நம் மண்ணின் ஆட்டத்தை அவர்கள் அக்கறையோடு கற்றுக்கொண்டார்கள்!

"படிப்பு கெட்டுப்போகும்" என்பார்கள். எட்டு மாலைப்பொழுதில் கெடுகிற படிப்பு என்ன படிப்போ! முட்டி உடையுமே என்ற பயம் நியாயமானது. ஆட்டம் நடக்கும் இடத்தில் முதலுதவி தெரிந்தவர் ஒருவரும், ஒரு வண்டியும் கட்டாயம் நிற்கவேண்டும். அதற்கு வழி இல்லையானால் பந்தயத்தை அன்று நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. ரயில்வேயிலும் போலீசிலும் கபடிக்காரர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள். எட்டு பந்தயம் ஆடினால் திறமை எட்டு முறை கண்ணில் படும். ஒரே நாளில் தோற்றுத் திரும்பினால் யார் கண்ணில் படும்?

அந்தப் பையன் இப்போது புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். பொங்கலுக்கு ஊரில் ஆடினான். தாயார் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அவன் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனும் காலைத்தான் பிடிக்கிறான்.